புத்தகத்தில் இல்லாத கேட்

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், அப்பாதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்து, தன்னைப் பற்றி என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறார். மூச்சு இப்போது பரவாயில்லை. நீ அழுதுவிடுவாய் என்று போனில் பாதிதான் சொன்னேன், மீதியைக் கேள்.

போன செவ்வாய் மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்தபோது இரண்டு ரயில்வே கேட்டையும் தூக்கித்தான் வைத்திருந்தேன். அப்பாவை ஏற்றி முடிப்பதற்குள் ஸ்டேஷனிலிருந்து மணி அடித்துவிட்டது. அடித்தால் இறக்கியாக வேண்டும், உள்ளே இருப்பது யார் வீட்டுக்காரர் என்று அந்த மணிக்குத் தெரியுமா? என் கையாலேயே சக்கரத்தைச் சுற்றினேன். மேலக் கேட்டும் கீழக் கேட்டும் ஒன்றாக இறங்கின, நடுவில் நம் வீடு, வாசலில் ஆம்புலன்ஸ், அதற்குள் உன் அப்பா. மேல லைனில் ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிந்ததும் கீழ லைனில் இன்னொன்று வந்தது. இருபத்திரண்டு நிமிஷம். டிரைவர், தூக்குங்கம்மா, கொஞ்சம் தூக்குங்கம்மா என்று கெஞ்சினார். ஸ்டேஷன் மாஸ்டர் விடுவிக்காமல் அந்தச் சக்கரம் நகராது என்று திருகியே காட்டினேன். ஊருக்கெல்லாம் வழி விடுகிறவள் கட்டினவருக்கு விட முடியாமல் நின்றேன். கண்ணாடி வழியே அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருத்தியே ஏன் இரண்டு கேட்டைப் பார்க்க வேண்டும் என்று கோபப்பட்டாய். அது தாத்தா காலத்து வினை. ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு கம்பெனிகள் பக்கத்துப் பக்கத்தில் லைன் போட்டன, ஆளுக்கொரு கேட், ஆளுக்கொரு கேட்கீப்பர், கடிகாரம்கூட ஐந்து நிமிஷ வித்தியாசத்தில் ஆளுக்கொன்று. எனக்கு ஐந்து வயதானபோது அரசாங்கம் இரண்டையும் எடுத்துக்கொண்டது. இனிமே இது நம்ம ரயிலு, எவனும் நம்மளப் போடான்னு சொல்ல முடியாது என்று தாத்தா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டு கம்பெனிப் பட்டியலையும் ஒன்றாக எழுதிய குமாஸ்தா, ஒரே தெருப் பெயர் இரண்டு தடவை வந்ததைப் பார்த்துவிட்டு, யாரோ தவறிப்போய் ஒரே கேட்டை இருமுறை எழுதிவிட்டார்கள் என்று ஒன்றை அடித்துவிட்டார். கீழக் கேட்காரருக்கு மாற்றல் வந்தது. தாத்தாவோ பூரிப்பில், அதுக்கென்ன, நானே பாத்துக்கறேன் என்றுவிட்டார். அவர் ஓடி ஓடிக் கால் தேய்ந்த பிறகுதான் இரண்டையும் ஒரே சக்கரத்தில் மாட்டிக் கொடுத்தார்கள், அதுதான் அவருக்குப் பின் என் கைக்கு வந்தது. இப்போது பளபளவென்று பொன்விழா மலர் அனுப்பியிருக்கிறார்கள், இரண்டும் ஒன்றாயின என்று கொட்டை எழுத்தில் போட்டு. ஒன்றாகி நிற்பது நான்தான்.

உன்னிடம் வந்துவிடச் சொல்கிறாய். லீவு கேட்டதற்கு மூன்று தடவை மாற்று ஆள் அனுப்பினார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் இரண்டு கேட்டைப் பார்த்ததும், எனக்கு ஒண்ணுக்குத்தான் ஆர்டர் என்று வந்த வழியே போய்விட்டார். மேலே எழுதிக் கேட்டால், அப்படி ஒரு கேட்டே புத்தகத்துல இல்லையேம்மா என்கிறார் அதிகாரி. இல்லாத கேட்டுக்குள் அடைந்து கிடக்கிறேன். வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் வேறொருவர் வந்து சாவி வாங்கினால்தான் விடுவிப்பார்களாம். போட்டது போட்டபடி கிளம்பலாம் என்றால், பள்ளிக்கூட வேன் தினமும் இந்த வழியாகத்தான் போகிறது.

இன்னொரு தடவை இப்படி நின்றால் அப்பா உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் வியாழக்கிழமை காலை வண்டியில் அவரை மட்டும் உன்னிடம் அனுப்புகிறேன், உன் மாமா கூட வருகிறார். எனக்கு அவரை விட்டு இருந்து பழக்கமே இல்லை, பயமாக இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பவும் முடியாது, அந்த வண்டிக்குக் கேட் போட நான் இங்கே நிற்க வேண்டும். ஒரே ஒரு தடவை சிவப்பக் காட்டேன், இறங்கிடறேன் என்று இவர் கேலி செய்கிறார். பச்சைதான் காட்டுவேன் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீடூழி வாழ வேண்டும். மாத்திரையைச் சாப்பிட்டேன் என்று அப்பா பொய் சொல்வார், வாயைத் திறந்து காட்டச் சொல். ஜன்னலோரமாக உட்கார வைக்க மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். கொடியோடு நின்றவளைப் பார்த்தாரா என்று கேட்டு, மறக்காமல் எழுது.

உன் வரவுக்கும் கேட்டைத் தூக்கிக் காத்திருக்கும்,
அம்மா