ஒலியளவு வரம்புக்கு எதிராக நான் தொடுத்த போர்

மார்ச் 4, செவ்வாய்
வாஷிங் மெஷின் ரிப்பேர் உலகின் சக்கரவர்த்தியாகிய எனக்கு வெளியூரிலிருக்கும் அக்காவிடமிருந்து போன். அவளுடைய சலவைக்கடை மெஷின் உறுமுகிறதாம். அங்குள்ள மெக்கானிக் மோட்டார் போச்சு என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மெஷினை எடுத்துப்போகப் பழைய இரும்புக்காரர் வருகிறார். கடையில் இருப்பதே அந்த ஒரு மெஷின்தான்.

வெறும் பேரிங்காக இருக்கும், மாற்றினால் போதும் என்பது என் தீர்ப்பு. போனில் கேட்டுப் பார்த்தேன். பாழாய்ப்போன போன் உறுமலை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடுகிறது. ஆகவே கெட்டுப்போன பேரிங்கின் சத்தம், கெட்டுப்போன மோட்டாரின் சத்தம் இரண்டையும் பதிந்து, விளக்கவுரையோடு என் வீடியோ சேனலில் ஏற்றினேன். அக்கா ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 5
"டேய், நீ கத்துறது மட்டும்தான் கேக்குது. மெஷின் எங்கடா?"

எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றி மறுபடி போட்டேன். வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது மூன்று தெருவுக்குக் காக்கை இல்லை. தளத்தில் ஏறியதும் பூனைக்குட்டி முனகல்.

மார்ச் 6, காலை
எடிட் செய்து தரும் அண்ணன் மகள் சிரிக்கிறாள்.

"எல்லா வீடியோவும் ஒரே அளவுல கேக்கணும்னு தளத்துக்காரங்க ஒரு வரம்பு வச்சிருக்காங்க சித்தப்பா. நீங்க ஏத்த ஏத்த, மொத்தத்தையும் இறக்குவாங்க. உங்க கத்தலுக்கு விழுற அடி மெஷினுக்கும் சேர்த்து விழுது."

வரம்பா? எனக்கா? மலையைக் கொஞ்சம் குனியச் சொல்வார்களோ?

இன்னும் ஏற்றினேன். இன்னும் இறக்கினார்கள். உறுமல் இப்போது வெறும் கரகரப்பு.

மார்ச் 6, மாலை
"அப்ப நீங்க பேசாம இருங்க" என்றாள் அண்ணன் மகள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் என் மனைவிக்கே கிடைக்காத சலுகை.

ஆனால் நாளை வெள்ளி. என் தொண்டையா, அக்கா கடையா — இதுல யோசிக்க என்னடா இருக்கு?

பதினோரு நிமிட வீரவுரையை வெட்டி எறிந்தேன். மிஞ்சியது ஒரு வரி, சாதாரணக் குரலில்: "முதல்ல பேரிங், அடுத்தது மோட்டார்." மீதி எழுபது நொடியும் மெஷின் மட்டும். அண்ணன் மகள் ஏதோ பொத்தானை அமுக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கப் போனாள். கையைத் தட்டிவிட்டேன். மெல்லிய சத்தம் மெல்லியதாகவே இருக்கட்டும். நோய் அதில்தான் தெரியும். இதில் ஒரு அங்குலம் விட்டுத்தர மாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி
இரும்புக்காரரை வாசலில் நிற்கவைத்துவிட்டு அக்கா வீடியோவைப் போட்டாளாம். "முதல் சத்தம்தாண்டா. அச்சு அசல்."

இரும்புக்காரர் வெறும் வண்டியோடு திரும்பினார்.

மார்ச் 10
பேரிங் மாற்றியாகிவிட்டது. மெஷின் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறதாம்.

அண்ணன் மகள் சேனல் கணக்கைத் திறந்து காட்டினாள். கடைசி வீடியோவைத் தளம் துளிகூட இறக்கவில்லை. "வழிக்கு வந்துட்டீங்க சித்தப்பா" என்கிறாள்.

நானா? அவர்கள் இறக்குவதற்கு நான் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.