ஜெபத்தில் கிடைத்த சம்மதம்

என் கண்ணு,

நேற்று மாலை ஜெபத்தில் இருந்தது அப்பா, அத்தை, தம்பி, நான். நால்வருமே சாட்சி!

கல்லூரி முடிந்ததும் அவ்வளவு தூரத்து வேலைக்கு உன்னை அனுப்பவே மாட்டேன் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார் அல்லவா? நேற்று வழக்கம்போல் ஒவ்வொருவருக்காகவும் வேண்டிக்கொண்டு வந்தவர், உன் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தினார். பிறகு, "ஆண்டவரே, அந்த ஊர்ல அவளுக்கு ஒரு நல்ல ரூம் கொடுங்க, பக்கத்துலயே ஒரு சபையும் காட்டுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவர் முடிப்பதற்குள் தம்பி, "ஆமென்!" என்று கத்திவிட்டான்.

"என்னடா அவசரம்?"

"நீங்க மனசு மாறுறதுக்குள்ளப்பா!"

அப்பாவே சிரித்துவிட்டார். நம்மிடம் சொன்னதை மாற்றுவார். ஆண்டவரிடம் சொன்னதை மாற்றவே மாட்டார்.

தைரியமாகப் போ. முதல் வருடம் ஹாஸ்டலில் அழுத உன்னைக் கைவிடாதவர் அங்கேயும் கூட வருவார். போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். உன் கட்டில் இருக்கும் இடத்தை அத்தை தையல் மிஷினுக்குக் கேட்கிறாள். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குச் சம்மதம் சொல்ல வேண்டுமே, சொல்லிவிட்டாயா? சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா