மசிக் காளானும் முனியம்மாவின் கேள்வியும்

6.11.78, திங்கள்

விடாத தூறல். ஆய்வகக் கூரை ஒழுகுகிறது. தராசுப் பெட்டியை அலமாரிக்கு மாற்றியாயிற்று.

அறிவியல் பொருட்காட்சிக்கு ‘மலிவான புரதம்’ என்று தலைப்பு கொடுத்துவிட்டார் தலைமையாசிரியை. வேர்க்கடலை போன வருடமே வைத்தாகிவிட்டது. காட்டுக் காளான் வைக்கலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

கொண்டுவருபவள் முனியம்மா. கண்ணமங்கலத்தைத் தாண்டி மலையடிவாரத்து ஊர். கூலி வேலை கிடைக்காத நாட்களில் காட்டில் பறித்து, முதல் பஸ்ஸில் வந்து, எங்கள் தெருவில் விற்பாள்.

இன்று இரண்டு வகை:
புற்றுக் காளான். வெள்ளை, நீண்ட வேர்.
மசிக் காளான். சாம்பல் நிறம், பட்டுப்போன மரத்தடியில் கொத்தாக முளைப்பது. அரை நாள் வைத்தால் குடை கறுத்து மசியாக ஒழுகிவிடும். மதியத்துக்குள் சமைத்துவிட வேண்டுமாம்.

மசிக் காளானை எடுக்கும் முன் கேட்டாள்: “வூட்ல குடிக்கிறவங்க யாருனா கீறாங்களாம்மா?”

தனியாக இருக்கும் என்னிடம். எதற்குக் கேட்கிறாய் என்றேன்.

“சாராயம் போடறவங்களுக்கு இது ஒத்துக்காதும்மா. எங்க ஊர்ல கேக்காம குடுக்கமாட்டோம்.”

அடுத்த வீட்டுக் கிருபாவதியிடமும் அதே கேள்வி. அவள் கணவர் சாமுவேல் பட்டு நூலுக்குச் சாயப்பட்டறை வைத்திருப்பவர், சபைக் கமிட்டியில் இருப்பவர். கிருபாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

“எங்களைப் பார்த்து இன்னா கேள்வி கேக்குற? இது ஜெபம் பண்ற வீடு. அப்படி யாரும் இல்ல.”

சங்கடமாக இருந்தது. “மூடநம்பிக்கைங்க, விடுங்க. யார் குடிக்கிறாங்கன்னு காளானுக்கு எப்படித் தெரியும்?” என்றேன். கிருபா சிரித்துவிட்டு மசிக் காளான் அரைக் கிலோ வாங்கினாள். முனியம்மா சிரிக்கவில்லை.

7.11.78, செவ்வாய்

மழை இல்லை. புற்றுக் காளானில் சோதனைகள் (மசிக் காளான் நேற்றே கறுத்து ஒழுகிவிட்டது):

ஈரம் – பத்து கிராம் காய்ந்தபின் ஒரு கிராம்கூடத் தேறவில்லை. பெரும்பகுதி தண்ணீர்.
புரதம் – மயில்துத்தம், காரம் சேர்த்ததும் ஊதா. நல்ல அழுத்தமான ஊதா. காய்ந்த எடைக்குக் கணக்கிட்டால் பருப்போடு பக்கத்தில் வைக்கலாம். பச்சையாக எடுத்தால் அவ்வளவு இல்லை. இதைப் பலகையில் எழுதியே ஆக வேண்டும்.
மாவுச்சத்து – அயோடின் நீலமாகவில்லை. இல்லை.
சாம்பல் – சுடரில் வெளிர் ஊதா. பொட்டாசியம்.
செல்சுவர் – நண்டு ஓட்டில் உள்ள அதே பொருள். முழுதும் செரிக்காது.
வெயிலில் காயவைத்தால் வைட்டமின் டி உண்டாகும் என்று புத்தகம். இங்கே சோதிக்க வழியில்லை.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “மிஸ், நீங்க சாப்ட்டுப் பாத்தீங்களா?” இல்லை என்றேன். சாப்பிடாமல் எப்படிச் சத்து என்று சொல்கிறீர்கள் என்பது போல் ஒரு பார்வை.

மாலை வீடு திரும்பினால் அடுத்த வீட்டில் கூட்டம். நேற்று விளக்கு வைத்த நேரத்தில் சாமுவேலுக்கு முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி. மதியம் காளான் குழம்பு. டாக்டர் காளான் விஷம் என்றாராம். கிருபாவும் இரண்டு பெண்களும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றுமில்லை.

8.11.78, புதன்

பால் திரிந்துவிட்டது. கறுப்புக் காப்பி.

முனியம்மா வந்தாள், விஷயம் தெரியாமல். தெருமுனையிலேயே மறித்து, கூடையைக் கவிழ்த்துவிட்டார்கள். புற்றுக் காளான் எல்லாம் சேற்றில். நான் போவதற்குள் சுகாதார ஆய்வாளரும் வந்துவிட்டார்.

“ஊரைக் கொல்றதுக்கா கொண்டாந்த?” என்றார்.

“கேட்டுட்டுத்தானே குடுத்தேன். இந்த டீச்சரம்மா பக்கத்துல நின்னுகினு இருந்தாங்க. நான் கேக்கல? சொல்லும்மா.”

“கேட்டாள்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஆய்வாளர், அவள் இனி ஆரணிக்குள் விற்கக்கூடாது என்றார். என்னிடம், “நீங்கதானே மேடம் காளானைச் சோதிக்கிறீங்க? விஷமா இல்லையான்னு திங்கக்கெழமை எழுதிக் குடுங்க. விஷம் இல்லன்னா பாக்கலாம்.”

முனியம்மா சேற்றிலிருந்து பொறுக்கவில்லை. காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனாள். மழைக்காலத்தில் அவள் வீட்டு அடுப்பு எரிவது இந்தக் கூடையால்தான்.

9.11.78, வியாழன்

நேற்று மாலை சாமுவேலுக்கு மறுபடி அதே சிவப்பு, அதே படபடப்பு. காளான் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகிறது. விஷம் இன்னும் இறங்கவில்லை என்கிறது தெரு.

விஷம் அப்படி நடந்துகொள்ளாது. நான்கு பேர் சாப்பிட்டு ஒருவருக்கு. இரண்டு முறையும் அவர் பட்டறையிலிருந்து திரும்பும் நேரம்.

கல்லூரிப் புத்தகத்தை எடுத்தேன். பூஞ்சைகள் பற்றிய பாடத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி. மசியாகக் கரையும் காளான் உண்ணத்தக்கது, ஆனால் மதுவுடன் ஆகாது. அப்போது படித்திருப்பேன். தேர்வில் வராது என்று விட்டிருப்பேன்.

சாராயம் உடலில் முதலில் ஆல்டிஹைடாக மாறும், பிறகு அசிட்டிக் அமிலமாக. இரண்டாவது படியை இந்தக் காளானில் உள்ள ஏதோ ஒன்று தடுக்கிறது. ஆல்டிஹைடு தேங்கினால் முகச்சிவப்பு, படபடப்பு, வாந்தி. குடியை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரையும் இதைத்தான் செய்கிறது. சில நாட்களுக்கு விளைவு நீடிக்கும்.

முனியம்மாவின் கேள்வியில் இதெல்லாம் இருந்தது. மூடநம்பிக்கை என்று சொன்னது எம்.எஸ்ஸி.

10.11.78, வெள்ளி

எழுதிக்கொடுத்தால் சாமுவேல் குடிப்பது படிக்கிற எவருக்கும் புரிந்துவிடும். விழுந்தது ஒருவர்தான். மதுவிலக்கு வேறு. பெரிய பெண்ணுக்குத் தேசூரில் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறார்கள், சபை ஊழியர் குடும்பம். எழுதாவிட்டால் முனியம்மா.

எப்படியானாலும் எச்சரிக்க வேண்டும். போனேன். சாமுவேல் கட்டிலில். விரல்களில் அரக்குச் சாயம் போகவே இல்லை. கிருபா கதவோரம்.

“நான் எதையும் கேட்க வரலை. இன்னும் ஒரு வாரத்துக்கு மட்டும்...” என்று ஆரம்பித்தேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “புரியுதுங்க டீச்சர்” என்றார். “சாய அடுப்புப் புகையில காலையிலேர்ந்து நின்னா, சாயந்திரம்...” அவரும் முடிக்கவில்லை.

கிருபா வாசல்வரை வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு: “எனக்குத் தெரியும் டீச்சர். கல்யாணம் ஆன வருசத்துலேர்ந்து தெரியும்.”

“அப்புறம் ஏன் அவளிடம் இல்லைன்னு சொன்னீங்க?”

“நீங்க பக்கத்துல நின்னுகினு இருந்தீங்களே. உங்க எதிர்ல எப்படிச் சொல்றது? சொன்ன வாயி கூசிச்சு. வாங்காமப் போயிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்களே மூடநம்பிக்கைன்னு சொல்லிட்டீங்க. படிச்சவங்க சொல்றாங்களேன்னு வாங்கிட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

11.11.78, சனி

துணி காயவில்லை. விடைத்தாள் நாற்பது பாக்கி.

பதினாறு வருடமாக அடுத்த வீடு. என் முன்னால் அவளால் ஒரு வார்த்தை சொல்ல முடியாதபடி அப்படி என்ன செய்துவிட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. அதுதான் போலும்.

12.11.78, ஞாயிறு

இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்று: ‘நச்சுத்தன்மை காணப்படவில்லை.’ முனியம்மா பிழைப்பாள். நாளை இன்னொரு வீட்டில் இன்னொருவர் விழுவார். மேலும், நச்சைக் காண என் ஆய்வகத்தில் ஒரு சோதனையும் கிடையாது. மற்றது முழு உண்மை. முதலாவதைக் கிழித்தேன். இரண்டாவதை மடித்து அகராதிக்குள் வைத்தேன்.

பதினொரு மணிக்குக் கோயில் விட்டு கிருபா நேராக இங்கே வந்தாள், கையில் பைபிளோடு.

“எழுதிட்டீங்களா?”

காட்டினேன். நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை.

“இதையே குடுங்க. தேசூர்க்காரங்களுக்கு அவரே போய்ச் சொல்லிட்டு வராராம். ‘எனக்காக அந்தப் பொம்பள ஏன் பட்டினி கெடக்கணும்’னு ராத்திரி பூரா பேஜாரு.” பிறகு, “காப்பி இருக்கா டீச்சர்?” பதினாறு வருடத்தில் முதல் முறையாகக் கேட்டாள். பால் இருந்தது.

13.11.78, திங்கள்

கடிதம் கொடுத்தாயிற்று. சாமுவேலும் கூட வந்தார். ஆய்வாளர் படித்துவிட்டு அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “புத்துக் காளான் விக்கட்டும். இதை விக்கறதா இருந்தா கேட்டுட்டு விக்கட்டும்.”

“அவ கேட்டுட்டுத்தாங்க வித்தா” என்றார் சாமுவேல்.

கண்ணமங்கலம் பஸ் நடத்துனரிடம் முனியம்மாவுக்குச் சேதி சொல்லி அனுப்பினேன். ஜல்தியாகச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். பார்க்கலாம்.

16.11.78, வியாழன்

வெயில். முனியம்மா வந்தாள். கூடையை இறக்கி, மசிக் காளானைத் தனியாக ஒதுக்கிவிட்டுக் கேட்டாள்: “வூட்ல குடிக்கிறவங்க யாருனா கீறாங்களாம்மா?”

இல்லை என்றேன். இன்னும் ஏதோ சொல்ல நினைத்தேன். அவள் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள். அங்கே கேட்கத் தயங்கினாள். எதிர்வீட்டுப் பெண்கள் வாசலில்.

கிருபாவே சொன்னாள், தெருவுக்கே கேட்கும்படி: “இருக்காரு. எனக்குப் புத்துக் காளான் குடு.”

நான் மசிக் காளான் கால் கிலோ வாங்கினேன். ஈரம் பார்க்கவில்லை. சமைத்தேன்.