முறைக்க வராத நாள்

இயேசு மரி சூசை துணை

இராயபுரம்,
9 ஜூலை 2025, புதன்கிழமை.

அன்பு மகள் ரூத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், அவரவர் மாத்திரையை அவரவர் மறந்துபோகும் அளவுக்கு நலமாக இருக்கிறோம். பிரிஸ்பேனில் நீ நலமா என்பதை நீ சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவதிலிருந்தே நான் அறிந்துகொள்கிறேன் என்பதால் அதை இங்கே கேட்கவில்லை. உன் அப்பாவுக்கு இரத்த அழுத்தம், கருவாடு கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர் அதைப் பெரிய கருவாட்டுக்கு மட்டுமான தடை என்று விளங்கிக்கொண்டு நெத்திலியாகத் தேடி உண்கிறார். இதைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் அனுப்புவதற்குக் காரணம் உண்டு. பேசும்போது அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று நானும் பேசணும் என்பார், இதுவோ அவர் அறியாத செய்தி. தவிரவும் பேச்சில் நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டு விடுவேன். பக்கங்களைப் புகைப்படம் எடுத்து அனுப்பும் கலையை நானே கற்றுக்கொண்டேன், ஓரத்தில் என் கட்டைவிரல் தெரிந்தால் பொருட்படுத்தாதே.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் அளித்த பதிலை இக்கடிதத்தின் வாயிலாகத் திரும்பப் பெறுகிறேன். நீ வேலை பார்க்கும் வீட்டு வாடகை அலுவலகத்தில் ஆட்களைக் குறைத்துவிட்டு, இனி மாலையிலும் காலி வீடுகளை நீ ஒருத்தியாகவே காட்டச் சம்மதம் என்று ஒரு தாளை நீட்டி வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றாய். உனக்குத் துணிச்சல் அதிகம், அதனால்தான் உன்னைத் தேர்ந்தெடுத்தோம் என்று மேலாளர் சொன்னாராம். ஆளைக் குறைத்த கையோடு எஞ்சியவளின் துணிச்சலைக் கூட்டிவிடுவது உண்மையிலேயே செலவில்லாத ஏற்பாடு. அதற்கு நான், பதினோரு வருடமாக விம்கோ நகரில் தன்னந்தனியாக வீடு காட்டுகிறேன், எனக்கு என்ன ஆயிற்று, கையெழுத்துப் போடு என்று வீரம் பேசினேன். நீயும் சரிம்மா என்றாய். அந்தச் சரிம்மா மூன்று நாளாக எனக்குச் சோற்றில் கல்லாக அகப்படுகிறது. ஆகவே எனக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தேவப்பிரியம் அண்ணாச்சிக்குச் சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம், விம்கோ நகரில் நாற்பத்தெட்டு வீடுகள், அந்த வீடுகளைக் காட்ட நானும் மோகனப்ரியாவும் என்பது நீ அறிந்ததே. எட்டாம் வகுப்போடு நின்ற உன் தாய் இயற்றிய பத்து விதிகள் அலுவலகச் சுவரில் லேமினேட் செய்யப்பட்டுத் தொங்குகின்றன என்பதையும் நீ மறக்க நான் விட்டதில்லை. வீடு காண வருவோர் அடையாள அட்டையின் நகலை முன்னதாகச் சமர்ப்பித்தல் வேண்டும் என்பது முதல் விதி. வீடு காட்டும் வேளையில் வெளியார் எவரும் படிக்கட்டில் நிற்றலும் உரையாடலும் கூடாது என்பது ஒன்பதாவது. இந்த ஒன்பதாவது, வாசலில் மீன் கூடை வைத்திருக்கும், என் தமிழைக் கேட்டு என்னை டீச்சரம்மா என்றே அழைக்கும் பட்டம்மாள் ஒருத்திக்காகவே இயற்றப்பட்டது. யார் வீடு பார்க்க வந்தாலும் அவள் கீழே இருந்தபடியே, "மூணாவது மாடியா நைனா? போ, போ, நல்லா காத்து வரும். தண்ணிதான் வராது, நீயே தூக்கிக்கினு ஏறணும்" என்று கூவுவாள். நான் ஜன்னல்களைத் திறந்து முடித்ததும் பால்கனிக்கு வந்து அவளை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் வீட்டின் பெருமைகளைச் சொல்லத் தொடங்குவேன்.

ஜன்னல் என்றேனே, அதுதான் முக்கியம். நம் பக்கத்தில் காலி வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்றில் வரும் கரித்தூள் படிந்து இரண்டே நாளில் தரை கரும்பலகை ஆகிவிடும். அதனால் எல்லாம் அடைத்தே கிடக்கும், ஃபியூசும் பிடுங்கியிருக்கும். காட்டுகிறவள் முதலில் இருட்டுக்குள் போய் ஹால் ஜன்னல், படுக்கையறை ஜன்னல், பால்கனிக் கதவு என்று வரிசையாகத் திறக்க, வந்தவர் பின்னால் வருவார். அதாவது வாசல் எப்போதும் வந்தவர் பக்கம், நான் எப்போதும் உள்பக்கம். பத்து விதிகள் எழுதியவளுக்குப் பதினோரு வருடத்தில் இது ஒருநாளும் தோன்றவில்லை.

ஜூன் பதின்மூன்று, அந்தோணியார் திருநாள். அன்று காலை சௌக்கத் அலி என்ற வெல்டர் லுங்கியோடு வீடு கேட்டு வந்தார். நான் முதல் விதியைச் சுட்டிக் காட்ட, "இன்னா மேடம், வூடு பாக்க வந்தா பாஸ்போர்ட்டு கேப்ப போலகீது" என்று சொல்லிப் போய், தன் ஆதார், ரேஷன் அட்டை, தன் தாயாரின் வாக்காளர் அட்டை வரை நகலெடுத்து வந்து கொடுத்தார். அனைத்தையும் சரிபார்த்த பின்னரே அவருக்கு முதல் மாடி வீட்டைக் காட்டினேன். அவர் அங்கேயே நின்று டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். நண்பகலில் இன்னொருவர் வந்தார். ஐம்பது வயது, சலவைச் சட்டை, கையில் ஒரு கோப்பு. அம்மையீர், தங்கள் குடியிருப்பில் ஓர் இல்லம் ஒழிந்திருப்பதாக அறிந்தேன், பார்வையிட இயலுமா என்றார். வூடு கீதா என்று கேட்டே பழகிய காது, மகளே. சாவிக்கொத்து தானாக என் கைக்கு வந்துவிட்டது. அவர் சுவரிலிருந்த விதிகளை நின்று படித்து, நடை சிறப்பு என்றார். நடையைப் பாராட்டியவரிடம் போய் நகல் கேட்பது நாகரிகமாகப் படவில்லை. மோகனப்ரியா சாப்பிடப் போயிருந்தாள், யாரிடமும் சொல்லாமல் மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.

படுக்கையறை ஜன்னலைத் திறந்து கொக்கியை மாட்டிக்கொண்டிருக்கையில் வாசற்கதவின் தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. திரும்பினால் அவர் அறை வாசலில் நிற்கிறார். அதே குரலில், அம்மையார் பதற்றம் கொள்ள வேண்டாம், கழுத்தில் இருப்பதையும் கைப்பேசியையும் தந்துவிட்டால் போதுமானது என்றார். வாக்கியத்தில் பிழை ஒன்றுமில்லை. நான் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த சொற்களில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. நான் சங்கிலியைக் கழற்றத் தொடங்க, அவர் ஓர் அடி உள்ளே எடுத்து வைத்தார். அப்போது உன் முகம் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நான் நினைத்தது, நான் இங்கே இருப்பது ஒருவருக்கும் தெரியாதே என்பது ஒன்றைத்தான்.

அந்த நேரத்தில் கதவு அதிர்ந்தது. "டீச்சரம்மா! ஏ டீச்சரம்மா! இன்னா, வூடு காட்டப் போயி நீயே குடி பூந்துட்டியா? தொறக்கிறியா, இல்ல கீய கீற வெல்டரு பாய கூட்டாந்து கதவ அறுக்க சொல்லட்டா?" என்று பட்டம்மாள். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தாழ்ப்பாளை நீக்கி, அவளுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு, கோப்போடு படியிறங்கிப் போய்விட்டார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மீன் கையோடு என் முகத்தைத் துடைத்தவள் சொன்னாள்: "ஹால் ஜன்னல் தொறந்துச்சு, ரூம்பு ஜன்னல் தொறந்துச்சு. அப்பால நீ பால்கனில வந்து என்னிய மொறைக்கணும். மொறைக்க வர்லியே! பதினோரு வருசத்துல ஒருநாளு தவறுனதில்ல. அதான் எனக்கு பேஜாராப் பூட்ச்சி."

சங்கிலி என் கழுத்திலேயே இருக்கிறது. ஆகவே ஒன்றும் ஆகவில்லை என்று நான் உன்னிடம் சொன்னது பொய்யல்ல. ஆகாமல் போனதில் என் பங்கு எதுவுமில்லை என்பதைத்தான் சொல்லாமல் விட்டேன். அண்ணாச்சியிடம் தெரிவித்தபோது அவர் மிகவும் வருந்தி, "நல்லவேளம்மா. ஆனா வெளிய தெரிஞ்சா வீடு எப்படிம்மா வாடகைக்குப் போவும்? சத்தம் காட்டாதீய" என்று சொல்லி, அன்றைக்கே எனக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார். சத்தம் காட்டாமல் இருப்பதற்கு ஒரு விசில். ஆனால் நான் வாய் மூடியது அவர் சொன்னதற்காக அல்ல, எனக்கும் அது வசதியாக இருந்தது. நல்ல தமிழ் பேசினான், நம்பினேன் என்று எந்தக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பேன்? உன் அப்பாவிடமும் சொல்லவில்லை, மோகனப்ரியாவிடமும் சொல்லவில்லை.

உன்னிடம் வீரம் பேசிய மறுநாள், திங்கட்கிழமை, மோகனப்ரியா உற்சாகமாக வந்து, "மேடம், ஒருத்தரு ஃபோன் பண்ணாரு, இன்னா அழகா தமிழ் பேசறாரு தெரியுமா, உங்கள மாரியே! அஞ்சு மணிக்கு வராராம், நீங்க கெளம்புங்க, நான் போய்க் காட்டிடறேன்" என்றாள். உங்கள மாரியே என்ற சொல் என்னை நாற்காலியிலிருந்து எழவிடவில்லை. அனைத்தையும் சொன்னேன். அவள் அழவுமில்லை, கோபிக்கவுமில்லை. "அப்போ இந்த மூணு வாரமா நான் தனியாதான் மேடம் போய்க்கினு இருந்தேன்?" என்று மட்டும் கேட்டாள். ரூத், இதே கேள்வியை நீயும் ஒருநாள் கேட்டுவிடக் கூடாது என்றுதான் இத்தனை பக்கம்.

ஐந்து மணிக்கு வந்தவர் வேறொருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அடையாள அட்டை வாங்கினோம். கதவைச் செங்கல் வைத்து அகலத் திறந்துவிட்டு, ஐயா நீங்களே முன்னால் போய் ஜன்னல்களைத் திறந்து பாருங்கள் என்று அவரை உள்ளே அனுப்பினோம். மோகனப்ரியா வாசலில், நான் படிக்கட்டில், எனக்கு ஒரு படி கீழே பட்டம்மாள். பாவம், வீடு பார்க்க வந்தவர் விசாரணைக்கு வந்தவர்போல் வியர்த்துப் போனார். தண்ணீரைப் பற்றி அவர் கேட்பதற்கு முன்பே பட்டம்மாள் சொல்லிவிட்டாள். வீடு வேண்டாம் என்று சொல்லி, அரைக் கிலோ வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போனார். ஒன்பதாவது விதியை ரத்துச் செய்து, வீடு காட்டும் வேளையில் படிக்கட்டில் ஒருவர் அவசியம் நிற்றல் வேண்டும் என்று அதன்மேல் தாள் ஒட்டி, பட்டம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "நீ பேசற தமிழு நல்லாத்தான் கீது டீச்சரம்மா. ஆனா அவனும் அத்தத்தான பேசுனான்" என்று சொல்லிவிட்டு மீனுக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள்.

ஆகவே அந்தத் தாளில் கையெழுத்திடாதே. உடன் ஒருவர் வந்தால் எத்தனை வீடு வேண்டுமானாலும் காட்டுகிறேன், தனியாக ஒரு வீடும் காட்ட இயலாது என்று உன் ஆங்கிலத்தில் எழுதிக் கொடு. அலங்காரம் வேண்டாம், அலங்காரத்தால் நான் பட்டது போதும். வேலை போனால் போகட்டும், அடுத்த வேலை கிடைக்கும்வரை இங்கே வந்து அப்பாவின் நெத்திலியைப் பிடுங்கி வைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள். பகலில் காட்ட நேர்ந்தாலும் வந்தவரை முன்னால் விட்டு நீ வாசலருகில் நில். அவர் எத்தனை இனிமையாகப் பேசினாலும் அட்டையைக் கேள், இனிமையாகப் பேசினால் இரண்டு முறை கேள். உள்ளே போகும்போதும் வெளியே வந்ததும் எனக்கு ஒரு செய்தி அனுப்பு, உன் ஐந்து மணி எனக்குப் பன்னிரண்டரை, விழித்துத்தான் இருப்பேன். ஆனால் இரண்டாவது செய்தி வராவிட்டால் இராயபுரத்திலிருந்து நான் எந்தக் கதவைத் தட்டுவேன்?

எல்லாம் வல்ல இறைவனும் மரியன்னையும் உன் போக்கையும் வரவையும் காத்தருளட்டும். ஒரே ஒரு நினைவூட்டல். உன் கட்டடத்தில் தளம் துடைக்கும் பெண்மணி ஒருத்தி, எங்கே போகிறாய், எப்போது வருவாய், யாரோடு போகிறாய் என்று தொணதொணக்கிறாள், அவளைத் தவிர்க்கவே வேறு படிக்கட்டில் ஏறுகிறேன் என்று சொல்லிச் சிரித்தாயே. நாளை முதல் அவள் இருக்கும் படிக்கட்டிலேயே ஏறு. தினமும் அவளை ஒரு முறை நன்றாக முறைத்துவிட்டுப் போ.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
தா. வியாகுலம்மாள்