மேற்குச் சுவருக்கு அடியில்

மார்ச் 4
முற்றுகை தொடங்கி ஐந்து வாரம். கோட்டைக்குள் எலிகூட இளைத்துவிட்டது. குடும்பங்கள் எல்லாம் கிழக்கே குதிரை லாயத்தில். அக்காவுக்கு ஏழாம் மாதம். அத்தான் தன் ரொட்டியில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, "எனக்கு அஜீரணம்" என்கிறார். பட்டினியில் அஜீரணமாம்!

மார்ச் 6
மேற்குச் சுவரில் காவல். தரையில் காதை வைத்துப் படுத்தேன். டொக். டொக். கடப்பாரை. எதிரி சுரங்கம் தோண்டுகிறான். என் கை நடுங்கியதை அத்தான் பார்த்துவிட்டார். "நடுங்குனா நடுங்கட்டும் மச்சான். காது கேக்குதுல்ல, போதும்."

மார்ச் 7
அதே சத்தம். நேற்றைவிடக் கிட்டே.

மார்ச் 9
தளபதி உத்தரவு: நாமும் குறுக்கே தோண்டி, வெடிவைத்து அவர்கள் சுரங்கத்தை மூட வேண்டும். அத்தானும் நானும் மாறிமாறித் தோண்டுகிறோம். மண் உதிரும்போதெல்லாம் நான் பின்னால் நகர்ந்துவிடுகிறேன். இன்று மண்ணுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினான். அவனுக்கும் தூசிதான் போல.

மார்ச் 11
வெடிமருந்துப் பீப்பாய்களை இறக்கியாயிற்று. நாளைக் காலை பற்றவைப்பது என் முறை. திரி நீளம், ஓடிவர நேரம் இருக்கும் என்கிறார் தளபதி. கால் தடுக்கினால்?

மார்ச் 12
எழுதித்தான் ஆக வேண்டும். திரி ஈரத்தில் நமத்துவிட்டது. மூன்று முறை பற்றவைத்தேன், அணைந்தது. உலர்ந்ததாக ஒரு முழம்தான் தேறியது. ஒரு முழத்தில் யாரும் வெளியே வர முடியாது. அந்தப் பக்கம் பீப்பாய் உருளும் சத்தம். அவர்கள் முந்தினால் சுவர் போச்சு. சுவர் போனால் லாயம், அக்கா—

தளபதி என்னைப் பார்த்தார். எனக்குக் கால் வரல. சத்தியமா வரல.

அத்தான் என் கையிலிருந்து விளக்கை வாங்கினார். "நீ போய் அவ பக்கத்துல இரு. சத்தத்துக்குப் பயந்துக்குவா."

"அத்தான், என் முறை..."

"வழிய விடு மச்சான்."

விட்டேன். நான்தான் வழியை விட்டேன்.

லாயத்தை எட்டுவதற்குள் தரை தூக்கிப்போட்டது. சுவர் நிற்கிறது.

மார்ச் 20
எதிரி கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டான். சுரங்கத்தைத்தான் நம்பியிருந்தானாம். கோட்டைக் கதவு திறந்தது. ஊரே அத்தானைப் பற்றிப் பேசுகிறது. யாருடைய முறை என்று தளபதி யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

மார்ச் 23
அக்காவிடம் சொல்லிவிட்டேன். முழுவதும். அவள் அழவில்லை. அத்தானின் சட்டையைக் கிழித்துக் குழந்தைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி மட்டும் நின்றது. "இப்ப உன் மூஞ்சியப் பாக்க முடியலடா. போ" என்றாள்.

எழுந்தேன். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல்:

"நாளைக்கு வா."