நான் அறிவித்த புள்ளி

மார்ச் 11, செவ்வாய்
காலை 8.10. பிடோக்கில் இப்போதே வெயில் சுடுகிறது. சிலியில் இரவு ஒன்பது. தொலைநோக்கி அங்கே, நான் இங்கே, சமையலறை மேசையில், லேப்டாப்பிலிருந்து அதை இயக்கிக்கொண்டு. காப்பியில் சீனி போட மறந்துவிட்டேன்.

8.25. செயற்கைக்கோள் எச்சரிக்கை: காமா கதிர் வெடிப்பு, தோராயமான இடம் மட்டும். பல நூறு கோடி ஆண்டுக்கு முன் செத்த ஏதோ நட்சத்திரம், இன்றுதான் வெளிச்சம் வந்து சேர்கிறது. ஓரிரு நாள் தெரியும், மணிக்கு மணி மங்கும். அதற்குள் சரியான இடத்தைச் சொன்னால்தான் பெரிய தொலைநோக்கிகள் தூரத்தை அளக்கும்.

8.40. ஐந்து நிமிடத்தில் மூன்று படம். பழைய படத்தில் இல்லாத ஒரு புள்ளி. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுத்து, மங்கியதா, நகர்ந்ததா என்று பார்ப்பது வழக்கம். எடுக்கவில்லை. முதலில் அறிவிப்பவர் பெயர்தான் நிற்கும்.

குழுத் தலைவர் சிவா சாருக்குப் போன்.
"கன்ஃபர்ம் ஆ?"
"கன்ஃபர்ம் சார்."
"அப்ப அனுப்பு லா."

9.05. எல்லா வானாய்வகங்களுக்கும் அறிவிப்பு போயிற்று.
என் கணவர் கதிர் சாங்கி ஏர்போர்ட் கார்கோவில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தார். "என்னா, ஃபோர்-டி லாட்டரி அடிச்ச மாதிரி மூஞ்சி?"
சொன்னேன். பாதி கேட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

11.30. எங்கள் தொலைநோக்கி இருக்கும் மலைத்தொடரிலேயே ஒரு பெரிய தொலைநோக்கி, தன் வேலையை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் என் புள்ளியைப் பார்த்திருக்கிறது. ஒற்றை வரி மெயில், ரொம்ப மரியாதையாக: சிறுகோள்.
மறுபடி படம் எடுத்தேன். புள்ளி நகர்ந்திருக்கிறது. நம் சூரியனைச் சுற்றும் ஒரு கல். சிறுகோள் பட்டியலில் எண் போட்டு இருக்கிறது. பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.
வெடிப்பின் நிஜமான வெளிச்சம் காலையில் எடுத்த படத்திலேயே இருக்கிறது. ஓரத்தில், மங்கலாக. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

11.50. சரியான இடத்தை எல்லோருக்கும் அனுப்பினேன்.
12.05. மலை மேல் மேகம். இரண்டு தொலைநோக்கிகளையும் மூடிவிட்டார்கள். ஹவாயில் இருக்கும் பெரிய தொலைநோக்கிகளுக்கும் மேகமாம்.

மார்ச் 12, புதன்
சிலியில் மேகம் விலகவில்லை. வானிலைப் படத்தை எத்தனை தடவை திறந்தேனோ. வெறுமனே உட்கார முடியாமல் தேக்கா மார்க்கெட் போனேன். கறிவேப்பிலை, வஞ்சிர மீன், பச்சை மிளகாய் (மறந்தேன்). இங்கே ஒரு துளி மேகம் இல்லை. எரிச்சலாக வந்தது.
பஸ்ஸில் ஒரு அம்மா போனில்: "நான் என்ன செய்ய முடியும், நீயே சொல்லு லா."

சிவா சார் போன். திட்டியிருந்தால் தேவலை. "திருத்தம் அனுப்பிட்டியா? சரி. நானும்தான் கேட்டதோட விட்டுட்டேன், படத்தைப் பார்க்கல."

மார்ச் 13, வியாழன்
வானம் தெளிவு. இந்தத் தடவை சரியான இடம். ஒரு மணி நேரப் படம். பக்கத்து நட்சத்திரங்கள் பளிச்சென்று இருக்கின்றன. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.
பெரிய தொலைநோக்கிக்காரர்களும் பார்த்தார்களாம். அவர்களுக்கும் இல்லை. தூரம் இனி யாருக்கும் தெரியாது. என்னால்தான்.

கதிர் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "மறுபடி வராதா?"
"வராது."
"வேற ஏதாச்சும் வழி?"
"இல்ல."
தோளில் கை வைத்தார். அழுதுவிடுவேன் போலிருந்தது, அதனால் கையை எடுக்கச் சொன்னேன்.

மாலை 4.40. அங்கே விடியப் போகிறது. காணவில்லை என்பதையும் அறிவிக்க வேண்டும். எழுதி வைத்துவிட்டேன், அனுப்பவில்லை. இன்னும் ஒரு படத்துக்கு நேரம் இருக்கிறது. எடுக்கிறேன்.