நத்தைக்கு அழுதவர்கள்

அன்புள்ள மகன் ஆல்வினுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஜெயசீலன் சித்தப்பா இறந்ததைப் போனில் சொல்லும்போது அப்பா அழுதுவிட்டார், உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அவர் வேலை பார்த்த தோல் டேனரியில் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டதாம். முதலில் இறங்கிய பேரணாம்பட்டு சூரியபிரகாஷ் விஷவாயுவில் மயங்கிவிட, பின்னால் இறங்கிய சித்தப்பா அவரை மேலே தள்ளிவிட்டுத் தான் உள்ளே சரிந்துவிட்டார். ஒரு கயிறு கூடக் கொடுக்கவில்லை. பிழைத்தவர் தினமும் வந்து சோபனா சித்தி வீட்டு வாசலில் உட்காருகிறார், கூப்பிட்டாலும் உள்ளே வருவதில்லை.

அடக்கம் முடிந்த பிறகு சித்தப்பாவின் சட்டையையும் டிபன் பாக்ஸையும் வாங்கிவர நானும் சித்தியும் டேனரிக்குப் போனோம். அதே தொட்டி திறந்திருந்தது, வெளிமாநிலத்து ஆள் ஒருவர் இறங்கக் காலை வைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. மேனேஜர் வந்தார். ஒருத்தன் போனால் வேலை நின்றுவிடுமா, ஈ மாதிரி ஆள் வந்துகொண்டே இருக்கும் என்றார். எனக்கு நீ அங்கே நத்தைகளைக் காப்பாற்றுகிற வேலைதான் ஞாபகம் வந்தது. “எம்பையன் இருக்கிற தீவுல ஒரு நத்தை ஜாதி அழிஞ்சிட்டு வருது சார். ஈ மாதிரி பெருகாது, முட்டைகூட வைக்காது, எப்பவோ ஒரு குட்டி போடும். அதுல ஒண்ணு செத்தாக்கூட அழுவுறாங்க, இன்னா ஆச்சுன்னு கூடி விசாரிக்கிறாங்க. எங்க ஜெயசீலன் எப்படி செத்தார்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அந்த வெளிமாநிலத்து ஆளுக்கு நான் பேசியது புரிந்திருக்காது. அன்றைக்கு இறங்கவில்லை. மறுநாள் இறங்கினாரோ என்னவோ, தெரியாது.

பஸ்ஸில் வரும்போது சித்தி, “நெஜமாவே நத்தைக்கு அழுதாங்களாக்கா?” என்று கேட்டாள். ஆமாம், ஆல்வின் சொன்னான் என்றேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்பா போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார். வாபஸ் வாங்கச் சொல்லி ஆள் விடுகிறார்கள், வாங்க மாட்டோம். நீ அதை நினைத்துப் பேஜாராகாதே, வேளைக்குச் சாப்பிடு, ஈரக் காட்டில் தனியாக அலையாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் சித்திக்குப் போன் செய். ஆறுதல் எதுவும் சொல்லவேண்டாம். அவள் பேசாமல் இருந்தாலும் நீயாக வைத்துவிடாதே. மாதா உன் கூடவே இருப்பாள்.

உன் அம்மா,
ஆரோக்கியமேரி,
ஆம்பூர்.